வலது பக்கம் உட்கார்ந்தவள்

கருங்குழியில் ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா. தலையில் முக்காடு. இரண்டு முட்டியையும் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு டீயும் ரஸ்க்கும் வைத்திருந்தார்கள். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் டம்ளர் லேசாக ஆடியது.

"பொண்ணுக்கு வேலை பர்மனென்ட் ஆகலையாமே," என்றார். "ஏன், நல்லாப் பேசலையா?"

பொண்ணு என்று அவர் சொன்னது கைருனிசாவை. அவருக்கு மருமகளாக வரப்போகிறவள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருகிற பெண். அவளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவளுக்காகப் பேசத்தான் அங்கே போயிருந்தேன்.

எனக்குப் பேச்சு வராது. இத்தனை வாரம் இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ரஸ்க்கை டீயில் நனைத்தேன். உடைந்து உள்ளே விழுந்தது.

எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்குள் வகுப்பு

மாமல்லபுரத்தில் லாட்ஜ் வேலை போனபிறகு, மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். செல்போன் பெரிய ஆபீசர்கள் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம்.

வண்டி விடியுமுன்னே மாமல்லபுரத்தில் கிளம்பும். புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, அப்புறம் மறைமலைநகர். வருகிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். காருக்குள் போகும் வயர்களைக் கட்டாகக் கட்டுகிற வேலை. எல்லாரும் கான்ட்ராக்ட்.

தலையை எண்ணுவது, வராதவர் பெயரைக் குறிப்பது, சண்டை வந்தால் விலக்குவது. இதுதான் என் வேலை. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் உடம்புக்குள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கம்பெனியைப் பார்க்க வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு மேஜையாக நின்று கேள்வி கேட்பார்கள். பெண்கள் பதில் சொல்லாமல் மேனேஜர் முகத்தைப் பார்ப்பார்கள். அது கம்பெனிக்கு அசிங்கமாகிவிட்டது. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி மனோகர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வெள்ளைக்காரங்களோட பேசுவியாமே?"

"பேசுவேன் சார்."

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவது. ஃபெயிலு."

கொஞ்சம் யோசித்தார். "போகட்டும். வண்டியில அவ்வளவு நேரம் சும்மாத்தானே வருதுங்க. பேசக் கத்துக்குடு. நல்லாப் பேசறவங்கள பர்மனென்ட்டுக்கு எடுக்கலாம்னு இருக்கோம்."

சும்மா வரவில்லை. தூங்கிக்கொண்டு வந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆங்கிலப் பேச்சுப் புத்தகம் வாங்கினேன். பேசுவதற்குத் தலைப்புகள் இருந்தன. மரங்களின் பயன்கள். செய்தித்தாளின் பயன்கள். முதல் நாள் விளக்கைப் போட்டு, மரத்தால் என்ன பயன் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

மாமல்லபுரத்துச் செல்வி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். வாய் நீளமான பெண். "மரம் நெழலு குடுக்கும்ணா. லைட்ட நிறுத்து. நாங்க அந்த நெழல்ல தூங்கறோம்."

டிரைவர் கன்னியப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "உன் கிளாஸ்ல நான் ஒருத்தன்தான் முழிச்சிக்கினு கீறேன் அண்ணாத்த. நானும் தூங்கிட்டா எல்லாரும் கொளவாய் ஏரிக்குள்ளதான்."

ஜன்னல்

ஒரு நாள் ஜன்னலுக்காகச் சண்டை வந்தது. முன்சீட்டுப் பெண்ணுக்குக் காற்று வராவிட்டால் குமட்டும். பின்சீட்டுப் பெண்ணுக்குக் காற்று வந்தால் வாரிய தலை கலையும். ஒருத்தி திறப்பாள். ஒருத்தி எட்டிச் சாத்துவாள். தினமும் நடப்பதுதான். அன்றைக்கு எனக்கு விலக்கிவிடத் தெம்பு இல்லை.

"இங்கிலீஷ்ல சண்ட போடுங்க," என்றேன். "தமிழ்ல போட்டா ரெண்டு பேரையும் இறக்கி வுட்டுடுவேன்."

பிறகு ஒருத்தி சொன்னாள்: "ஓப்பன்."

"நோ ஓப்பன்."

"வொய் நோ ஓப்பன்?"

"மை ஹேர்."

"யுவர் ஹேர், மை வாமிட்."

வண்டியே சிரித்தது. தூங்கினவர்கள் எழுந்துகொண்டார்கள். மூச்சு முட்டுதுன்னா இன்னாண்ணா என்று முன்சீட்டுப் பெண் கேட்டாள். சஃபகேஷன் என்றேன். அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் சஃபகேஷன். சூப்பர்வைசர் வந்தால் சஃபகேஷன். வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் சஃபகேஷன்.

அதற்குப் பிறகு புத்தகத்தை எடுக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே எதற்குச் சண்டை போடுகிறார்களோ, அதுதான் தலைப்பு. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுக்கலாமா. தம்பி துணியை அக்கா துவைக்க வேண்டுமா. கேன்டீன் சாம்பார் சாம்பார்தானா. தலைப்பைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். என்னிடம் வார்த்தை கேட்டால் வார்த்தையைக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் பாடம்.

லாட்ஜ் நாற்காலிகள்

இதிலும் ஒரு தொல்லை வந்தது. சில தலைப்புகளில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். மாமியார் என்றால் மொத்த வண்டியும் எதிர்ப்பு. எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

அப்போது எனக்கு லாட்ஜில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு வயதான வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி. மழைக்காலம் முடிந்து வந்து தங்குவார்கள். சாயங்காலம் கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி போடச் சொல்வார்கள். அவர் ஒன்று சொல்வார். அந்த அம்மா இல்லை என்பார். முகமெல்லாம் சிவந்துவிடும். டீ வைக்கப் போகவே எனக்குப் பயமாக இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார்வார்கள். இப்போது அவர் இல்லை என்பார். அந்த அம்மா ஆமாம் என்பார். அதே வேகம், அதே கோபம். அது விளையாட்டு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்த நாற்காலிகள். மாறி உட்காரும்போது கீச்சென்று சத்தம் போடும்.

அதை வண்டிக்குக் கொண்டுவந்தேன். இடது பக்கத்து சீட்டுகள் எல்லாம் யெஸ். வலது பக்கத்து சீட்டுகள் எல்லாம் நோ. மனதில் என்ன இருந்தாலும் சரி, உட்கார்ந்த பக்கத்துக்குப் பேச வேண்டும்.

இது பிடித்துக்கொண்டது. வீட்டில் சொன்னால் அடி விழுகிற பேச்சையெல்லாம் இங்கே பேசலாம். யாராவது முறைத்தால், "நானா சொன்னேன், சீட்டு சொல்லிச்சு" என்று விடலாம்.

ஆனால் வண்டியில் நாற்காலி மாற முடியாது. மாமல்லபுரத்தில் ஏறுகிறவர்கள் இடது பக்கத்தைப் பிடித்துவிடுவார்கள். செங்கல்பட்டு தாண்டி வண்டி வடக்கே திரும்பினால் வலது பக்கம்தான் வெயில் அடிக்கும். பின்னால் ஏறுகிறவர்களுக்கு வெயில் பக்கம். புதுப்பட்டினத்தில் ஏறும் கைருனிசாவுக்கு எப்போதும் வெயில். எப்போதும் நோ.

கைரு

கைருவின் அப்பாவுக்கு, அத்தா என்பாள் அவள், புதுப்பட்டினம் கடைத்தெருவில் சின்னப் பாத்திரக்கடை. ஆரம்பத்தில் அவள் வாயே திறக்கவில்லை. பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. முதலில் எதிராளியை ஒப்புக்கொள்வாள். "யூ ஆர் ரைட், சிஸ்டர்," என்பாள். எதிராளி சிரிப்பாள். உடனே, "பட்," என்று தொடங்குவாள். அந்த பட்டுக்குப் பிறகு எதிராளியிடம் ஒன்றும் மிஞ்சாது.

"ஏ கைரு," என்பாள் செல்வி. "சோறு துன்றியான்னு கேட்டாகூட நோதானாடி?"

"நோ சிஸ்டர். ஒன்லி பிரியாணி."

அவளுக்குக் கருங்குழியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர். நல்ல குடும்பம். ஒரே ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். வேலை பர்மனென்ட் என்றால் நிக்காஹ் ஆன பிறகும் போகலாம். கருங்குழியிலிருந்தும் கம்பெனி வண்டி உண்டு. கான்ட்ராக்ட் என்றால் நின்றுவிட வேண்டும். இன்று இருந்து நாளை போகிற வேலைக்காக ஏன் அலைய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு சாயங்காலம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னாள். "எங்கக்காவப் பாத்துட்டேண்ணா. நிக்காஹ் ஆனதிலேர்ந்து எதிர்க்க இருக்கிற கடைக்குப் போறதுக்குகூட ஆள் தேடறா. முன்ன என்ன வாய் பேசுவா தெரியுமா. எனக்கு இந்த வேலை வேணும்."

நிறைய பேசுகிற பெண். அவள் தனக்காகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தேர்வு நாள்

பர்மனென்ட்டுக்கு ஆள் எடுக்கிற நாள் வந்தது. ட்ரெயினிங் ரூமில் எதிரெதிராக இரண்டு வரிசை நாற்காலி. நடுவில் மேஜை போட்டு மனோகர் சாரும் இன்னும் இரண்டு பேரும். தலைப்பு கொடுப்பார்கள், பெண்கள் பேச வேண்டும். என்னைக் கதவோரம் நிற்க விட்டார்கள்.

பெண்கள் உள்ளே வந்து, பழக்கத்தில், வண்டியில் உட்காருகிற மாதிரியே பிரிந்து உட்கார்ந்தார்கள். செல்வி கூட்டம் இடது பக்கம். கைரு கூட்டம் வலது பக்கம். யாரும் சொல்லவில்லை.

மனோகர் சார் தலைப்பைச் சொன்னார். கல்யாணமான பிறகு பெண் வேலைக்குப் போகலாமா.

"ஃப்ரீயாப் பேசுங்க," என்றார்.

செல்வி ஆரம்பித்தாள். இரண்டு சம்பளம் வந்தால் இரண்டு கேஸ் சிலிண்டர், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று, புருஷனிடம் கை நீட்ட வேண்டாம் என்றாள். மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வி கல்யாணம் ஆன மறுநாளே வேலையை விடப்போகிறவள். அவளே தினம் சொல்லுவாள்.

கைரு எழுந்தாள். "யூ ஆர் ரைட், சிஸ்டர். பட்."

நான் கதவில் சாய்ந்துகொண்டேன்.

புருஷனும் களைத்து வருகிறான், பெண்டாட்டியும் களைத்து வருகிறாள், யார் யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று கேட்டாள். வீட்டில் மாமியாருக்கு முட்டி வலி, அந்த வயதில் அவர் ஏன் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று கேட்டாள். கம்பெனிக்கு நாளைக்கே வேறு ஆபரேட்டர் கிடைப்பாள், வீட்டுக்கு வேறு மருமகள் கிடைப்பாளா என்று கேட்டாள். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மேஜையில் இருந்த ஒருவர் கை தட்டினார்.

வெளியே வந்ததும், "எப்டிண்ணா?" என்றாள்.

"நல்லாருந்துச்சு," என்றேன். நான் அதிகம் சொல்கிறவன் இல்லை. அன்றைக்கு இன்னொரு டீ குடித்தேன்.

பட்டியல் வந்தது. செல்வி பெயர் இருந்தது. கைரு பெயர் இல்லை.

மனோகர் சாரிடம் போனேன்.

"அந்தப் பொண்ணு இங்கிலீஷ் பிரமாதம்யா," என்றார். "ஆனா கல்யாணம் ஆனா வரமாட்டேன்னு அதுவே சொல்லுதே. கல்யாணமும் நிச்சயமாயிடுச்சாம். பர்மனென்ட் போட்டு உடனே போயிட்டா மேல நான் என்ன பதில் சொல்றது?"

"அது அவ கருத்து இல்ல சார். ரைட் சைடு."

"என்னது?"

"ரைட் சைடு உக்காந்தா நோ சொல்லணும் சார்."

"யார் சொன்னா?"

"வண்டியில அப்டித்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. "ஃப்ரீயாப் பேசுங்கன்னுதானேய்யா சொன்னேன். இப்ப நீ வந்து அது விளையாட்டுங்கறே. அது மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்டித் தெரியும்? லிஸ்ட் ஹெட் ஆபீஸ் போயாச்சு. அடுத்த லிஸ்ட்டுல பாப்போம்."

அடுத்த லிஸ்ட் எப்போது என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலம் வண்டியில் சொன்னேன். ஜன்னல் வழியாக வெயில் கைருவின் முகத்தில் அடித்தது. திரையை இழுத்துவிடவில்லை.

"நல்லாத்தானேண்ணா பேசினேன்," என்றாள்.

"நல்லாத்தான் பேசின."

பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். நான் கருங்குழி போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும். அடுத்த பட்டியலில் வந்துவிடும், அதுவரை வேலையை நிறுத்த வேண்டாம் என்று. அவள் அத்தா போனால் அது கல்யாணப் பேச்சாகிவிடும். கம்பெனி ஆள் போனால் வேலைப் பேச்சு.

"நானா?" என்றேன்.

"நீதானேண்ணா எங்களுக்குப் பேசக் கத்துக்குடுத்த," என்றாள் செல்வி. அன்றைக்கு அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

மீண்டும் கருங்குழி

இப்படித்தான் அந்த முன்னறையில் போய் உட்கார்ந்தேன். உடைந்த ரஸ்க் டீக்கு அடியில் போய்விட்டது.

"நல்லாப் பேசலையா?" என்று மறுபடி கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"நல்லாப் பேசிச்சும்மா."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

நடந்ததைச் சொன்னேன். "கல்யாணம் ஆனா பொம்பள வேலைக்குப் போகக்கூடாதுன்னு பேசிச்சும்மா. அதனால குடுக்கல."

அவர் முட்டியிலிருந்து கையை எடுத்தார். "அப்படியா சொல்லிச்சு?"

"இங்கிலீஷ்ல."

"இங்கிலீஷ்ல சொன்னா என்ன. அத்தன ஆபீசர் முன்னாடியா?"

"ஆமாம்மா."

"இன்னும் என்ன சொல்லிச்சு?"

நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டார், நான் சொன்னேன். தண்ணீர் கொடுப்பது, அடுப்படி, முட்டி வலி. முட்டி வலி என்றதும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு முட்டி வலின்னு அதுக்கு யாருப்பா சொன்னது?"

"அது பொதுவாச் சொன்னதும்மா. அந்தப் பொண்ணு கருத்து இல்ல."

"பின்ன யாரு கருத்து?"

"வண்டியில அந்தப் பக்கம் உக்காந்தா அப்டிப் பேசணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க தம்பி. வேலை போனாப் போகுது. நல்ல பொண்ணு. எங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லன்னு அவங்க வீட்ல சொல்லிடுங்க. டீ ஆறிடுச்சு, வேற போடச் சொல்றேன்."

அடுத்த பட்டியலைப் பற்றி நான் பேசவே இல்லை. பேச இடம் இல்லை.

மறுநாள் காலை கைரு ஏறியதும் கேட்டாள். "இன்னாண்ணா சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாங்க."

"எதுக்கு?"

சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அன்றைக்கு நான் தலைப்பு கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கொளவாய் ஏரி வந்தது, போனது.

சாயங்காலம் திரும்பும்போது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் இறங்கினாள். யூனிஃபார்ம், மேலே துப்பட்டா, கையில் டிபன் பை. எதிரே மதுராந்தகம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கருங்குழி அந்த வழி.

கன்னியப்பன் தலையை வெளியே நீட்டினான். "ஏம்மா, நிக்காஹ்க்கு முன்ன பொண்ணு தனியா மாப்ள வூட்டுக்குப் போவாங்களா? பேஜாராயிடும்."

"ஆவட்டும்ணா," என்றாள்.

நான் கீழே இறங்கினேன். "நானும் வரட்டா?"

"வேணாண்ணா. நீங்க போயி ஒரு தடவ சந்தோஷப்படுத்திட்டு வந்துட்டீங்க. போதும்."

"இன்னா சொல்லப் போற?"

"நான் அப்டி இல்லன்னு சொல்லப் போறேன். அத்தாகிட்ட மட்டும், லேட்டாவும்னு சொல்லிடுங்க."

மதுராந்தகம் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் வேலைக்கு வரவில்லை. வண்டி கடையைத் தாண்டும்போது அவள் அத்தா எங்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்று வண்டியில் பேசினார்கள். இல்லை, தேதியை முன்னால் வைத்துவிட்டார்கள் என்றும் பேசினார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. வகுப்பு நடந்தது. செல்விகூடக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை. கம்பெனி கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. கருங்குழி வண்டியிலிருந்து கைரு இறங்கினாள். கையில் மருதாணி சிவப்பு இன்னும் போகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வேலைக்கு விட்டுட்டாங்களா?" என்றேன்.

"விட்டாங்க."

"கான்ட்ராக்ட்னு தெரிஞ்சுமா?"

"தெரியும். மாமி ரொம்ப நாள் பேசல. நான் போய்ச் சொன்னது அவங்களுக்குப் பெரிய அடி. முட்டி வலின்னு நீங்க வேற சொல்லி வெச்சிருந்தீங்க." கொட்டாவியைக் கையால் மறைத்தாள். "நாலு மணிக்கு எழுந்து மதியச் சோறு வரைக்கும் ஆக்கி வெச்சுட்டுப் போறதுன்னா போன்னாங்க. செய்றேன்."

"கஷ்டமாச்சே."

"கஷ்டந்தான்." பையை மாற்றிப் பிடித்தாள். "நானாக் கேட்டு வாங்கினதுண்ணா."

சைரன் அடித்தது. நடந்தே உள்ளே போனாள். ஓடவில்லை.